உங்கள் ஃபிளைவீல் என் மேசைக்கு வருமுன்

ரீமேப் செய்த டீசல் கார் ஓட்டும் கோவைத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்களில் பெரும்பாலோர் என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் காரின் ஒரு பாகத்தை நான் பார்த்திருப்பேன். கணபதியில் ஒரு லேத், ஒரு கிரைண்டிங் மெஷின், இரண்டு ஆட்களோடு பட்டறை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டார மெக்கானிக் ஷெட்டுகளில் கியர்பாக்ஸ் இறக்கினால், முகம் பிடிப்பதற்கு, அதாவது உராயும் பரப்பைச் சமன் செய்வதற்கு, ஃபிளைவீல் ஆட்டோ ஏறி என்னிடம் வந்துவிடும்.

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று வந்தன. மூன்றும் டீசல், மூன்றும் ரீமேப் ஆனவை, அதாவது என்ஜின் கம்ப்யூட்டரின் மேப்பை மாற்றி டார்க்கை ஏற்றியவை. ஒன்றின் முகத்தில் மயில் கழுத்து நிறத்தில் திட்டுத் திட்டாக நீலம் பாய்ந்திருந்தது. இன்னொன்றில் உள்விளிம்பிலிருந்து வெளியே மயிரிழை போல வெடிப்புகள். மூன்றாவதை லேத்தில் கட்டிக் கூர் வைத்தால் டூல் துள்ளுகிறது. வார்ப்பிரும்பு அங்கங்கே சூட்டில் வெந்து, சட்டென ஆறி, கண்ணாடி மாதிரி இறுகிப்போயிருந்தது. அதைக் கிரைண்டிங்கில் போட்டுத்தான் எடுக்க முடிந்தது.

கொண்டுவந்த பையனிடம் கேட்டேன், "வண்டிக்காரர் என்ன கிளட்ச் போடறாருங்கப்பா?"

"ஸ்டேஜ் 3 ஆர்டர் போட்டுட்டாருங்கண்ணா."

"எத்தனை நியூட்டன் மீட்டருக்கு?"

அவனுக்குத் தெரியவில்லை. போன் போட்டு வண்டிக்காரரைக் கேட்டான். அவருக்கும் தெரியவில்லை. ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போகும் பொருளை, அது எவ்வளவு தாங்கும் என்றுகூடக் கேட்காமல் வாங்கியிருந்தார். அன்று இரவு உட்கார்ந்து எழுதத் தொடங்கியதுதான் இந்த மடல்.

ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3 என்ற எண்களுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. ஒருவரின் இரண்டாம் ஸ்டேஜ் இன்னொருவரின் முதல் ஸ்டேஜைவிட மென்மையாக இருக்கலாம். ஆகவே கடைக்காரரிடம் ஸ்டேஜைக் கேட்காதீர்கள். இந்த செட் எத்தனை நியூட்டன் மீட்டர் டார்க் தாங்கும், அந்த எண் கிராங்கில் கணக்கிட்டதா சக்கரத்தில் அளந்ததா, எந்த ஃபிளைவீலோடு சேர்த்துச் சொன்னது என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் வாங்க வேண்டாம்.

இன்னொரு பழக்கமும் உங்களிடம் இருக்கிறது. "அண்ணா, வண்டி 135 குதிரை, எந்த கிளட்ச் தாங்கும்?" என்று கேட்கிறீர்கள். குதிரைத்திறனைச் சொன்னால் கிளட்ச் கணக்கு வராது. நம்மூரில் அதிகம் ரீமேப் ஆகும் ஃபோக்ஸ்வாகன் வென்டோ 1.6 டிடிஐ-யையே எடுத்துக்கொள்வோம். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்ததோடு அந்தக் கம்பெனி இங்கே டீசலை நிறுத்திவிட்டதால், இருக்கிற வண்டிகளைப் பொக்கிஷமாக வைத்து ஓட்டுகிறீர்கள். நானும் ஒன்று வைத்திருக்கிறேன். கம்பெனி கொடுத்தது 105 பிஎஸ் சக்தி, 1500 முதல் 2500 சுற்றுக்குள் 250 நியூட்டன் மீட்டர் டார்க். ரீமேப்பில் அதை 4000 சுற்றில் 135 பிஎஸ் ஆக்கினால், அந்த இடத்தில் என்ஜின் தரவேண்டிய டார்க் எவ்வளவு தெரியுமா? 237 நியூட்டன் மீட்டர். கம்பெனி கொடுத்த உச்சத்தைவிடக் குறைவு. அந்த 135 பிஎஸ்-ஸைப் பழைய கிளட்சே சுமந்துவிடும். கிளட்சை எரிப்பது, கீழே 2000 சுற்றில் டர்போ மூச்சு வாங்கும் நொடியில் மேப் அள்ளிக் கொட்டுகிற 320, 330.

அதனால்தான் நழுவல் முதலில் நாலாம், ஐந்தாம் கியரில் தெரிகிறது. முதல் கியரில் என்ஜின் சட்டென்று சுற்றேறி அந்த இடத்தைத் தாண்டிவிடும். மேல் கியரில், ஏற்றத்தில், முழுப் பூஸ்ட்டில் என்ஜின் அதே சுற்றிலேயே பல நொடி நின்று தள்ளும். "நாலாவதுல மிதிச்சா ஆர்பிஎம் முள்ளு மட்டும் ஏறுதுங்கண்ணா, வண்டி போகமாட்டேங்குது" என்பீர்களே, அதுதான். 300 நியூட்டன் மீட்டரில் தள்ளும்போது, என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே நிமிடத்துக்கு 480 சுற்று வித்தியாசம் இருந்தால், கிளட்சுக்குள் 15,000 வாட் வெப்பம் பிறக்கிறது. வீட்டு இஸ்திரிப் பெட்டிகள் பதினைந்தை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இரும்பின்மேல் வைத்த மாதிரி. பத்து நொடி போதும், மயில் கழுத்து நிறம் வந்துவிடும்.

எனவே கிளட்ச் வாங்கப் போகுமுன் ரீமேப் செய்தவரிடம் போங்கள். கீழ்ச்சுற்றில் டார்க்கைக் கொஞ்சம் அடக்கி, 1600-இலிருந்து படிப்படியாக ஏற்றி, உச்சத்தை 300-க்குள் நிறுத்தச் சொல்லுங்கள். மேலே ஓடும் ஓட்டம் குறையாது. தொழில் தெரிந்தவராக இருந்தால் இதைச் செய்து தருவார். இதிலேயே பாதிப் பேருக்கு ஸ்பெஷல் கிளட்சே தேவைப்படாது, கம்பெனி செட் புதிதாகப் போட்டாலே போதும். கார் கம்பெனிகள் பொதுவாக என்ஜின் டார்க்கைவிட 20 முதல் 50 சதவீதம் வரை கூடுதலாகத் தாங்கும்படிதான் புது கிளட்சை வைக்கின்றன. உங்களுடையது 80,000 கிலோமீட்டர் தேய்ந்தது என்பதை மறந்துவிடுகிறீர்கள்.

அப்படியும் 330 வேண்டும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. கிளட்ச் தாங்கும் டார்க் நாலு எண்களின் பெருக்கல்: உராய்வுப் பொருளின் பிடி, பிரஷர் பிளேட் அமுக்கும் விசை, பிளேட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. பிடி 0.3, அமுக்கு விசை 5000 நியூட்டன், ஆரம் 95 மில்லிமீட்டர், முகம் இரண்டு என்று வையுங்கள். 285 நியூட்டன் மீட்டர் வருகிறது. 5000 நியூட்டன் என்றால் ஏறத்தாழ அரை டன். நீங்கள் இடது காலால் ஒவ்வொரு சிக்னலிலும் விலக்குவது அதைத்தான்.

இந்த நாலில் எதைக் கூட்டினாலும் தாங்குதிறன் கூடும். எதைக் கூட்டினாலும் ஒரு விலையும் உண்டு. கடைக்காரர் சொல்லாமல் விடுவது அந்த விலையைத்தான்.

ஆரத்தைக் கூட்ட இடம் கிடையாது, கியர்பாக்ஸ் கூடு அனுமதிக்காது. முகங்களை நாலாக்குவது இரட்டை பிளேட் கிளட்ச். மேலே சொன்ன கணக்கில் ஒரே தாவலில் 570 வரும், விலையும் அப்படியே தாவும். 330-க்கு அது தேவையே இல்லை.

அமுக்கு விசையை 20 சதவீதம் கூட்டினால் 342. இது நேர்மையான வழி. கிளட்ச் பெடல் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான் என்பார்கள். அதற்குமேல் ஒன்று இருக்கிறது. நீங்கள் பெடலை மிதிக்கும்போதெல்லாம் பிரஷர் பிளேட்டை விலக்கும் விசை கிராங்க் ஷாஃப்டை முன்னோக்கித் தள்ளுகிறது. அதைத் தாங்குவது பிறை வடிவத்தில் மெல்லிய திரஸ்ட் வாஷர்கள், நடுவில் ஒரு படலம் எண்ணெய். 20 சதவீதத்தை அவை பொறுத்துக்கொள்ளும். இருமடங்கு அமுக்கும் பிரஷர் பிளேட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு நீண்ட சிக்னல் முழுக்கப் பெடலை மிதித்தபடியே நின்றால் பொறுக்காது. வாஷர் தேய்ந்தால் என்ஜினையே பிரிக்க வேண்டியிருக்கும். கனத்த பிரஷர் பிளேட் போட்டவர்கள் சிக்னலில் நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்துவிடுங்கள். கிளட்ச் மிதிக்காமலே ஸ்டார்ட் ஆகும் வண்டியாக இருந்தால், நியூட்ரலில் வைத்து அப்படியே ஸ்டார்ட் செய்யுங்கள். காலையில் முதல் சுற்றின்போது அந்த வாஷர்களுக்கு நடுவே எண்ணெய் போதிய அளவில் இருக்காது.

கடைசியாகப் பிடி, அதாவது பொருள். இங்கேதான் நீங்கள் அதிகம் ஏமாறுகிறீர்கள். கம்பெனி பிளேட்டில் இருப்பதை ஆர்கானிக் என்கிறார்கள். இழைகளும் பிசினும் சேர்த்து அழுத்தியது. அதன் இரண்டு முகங்களுக்கு நடுவே அலை அலையாக வளைந்த மெல்லிய எஃகுத் தகடுகள் இருக்கும். கிளட்சை விடும்போது அவை மெதுவாக நசுங்குவதால்தான் வண்டி குலுங்காமல் கிளம்புகிறது. கெவ்லர் பொருள் நீண்ட நாள் உழைக்கும், மிருதுவாகவும் பிடிக்கும். ஆனால் நிதானமாகப் பழக்க வேண்டும், ஒருமுறை சூட்டில் மெருகேறிவிட்டால் பழைய பிடி திரும்புவது கடினம். செராமிக் துண்டுகள் பதித்தது, நீங்கள் ‘பக்’ கிளட்ச் என்கிறீர்களே, அதற்குச் சூடு ஒரு பொருட்டல்ல, பிடியும் 0.4-க்குப் போகும். கணக்கில் 380. ஆனால் பல செட்டுகளில் அந்த அலைத் தகடு இருக்காது. பிடித்தால் பிடித்தது, விட்டால் விட்டது. நடுவில் ஒன்றும் இல்லை. மெதுவாக விட நினைத்து அரைக் கிளட்சில் நின்றால் வண்டி தடதடக்கும், ஃபிளைவீலை அரம் போட்ட மாதிரி ராவும்.

இதை என் சொந்தப் பணத்தில் கற்றேன். என் வென்டோவை ரீமேப் செய்த நாலாவது மாதம் நழுவ ஆரம்பித்தது. வெளியூர் விற்பனையாளர் ஒருவர், ஆறு செராமிக் துண்டு வைத்த பிளேட்டும், ஸ்பிரிங் வைத்த டூயல் மாஸ் ஃபிளைவீலுக்குப் பதிலாக ஸ்பிரிங் இல்லாத ஒற்றை ஃபிளைவீலும் சேர்த்த செட்டை அனுப்பினார். "ஆயுசுக்கும் பார்க்க வேண்டாம்" என்றார். லேத் பிடிப்பவன், ஃபிளைவீலின் வேலைப்பாட்டைப் பார்த்து மயங்கினேன். அருமையாகக் கடைந்திருந்தார்கள். பிளேட்டைப் பற்றி யோசிக்கவில்லை.

முதல் வாரமே கியர்பாக்ஸிலிருந்து டப்பாவில் ஆணி குலுங்குகிற மாதிரிச் சத்தம். நியூட்ரலில் நிறுத்தினால் கேட்கும், கிளட்சை மிதித்தால் நிற்கும். இரண்டாவது வாரம் வீட்டம்மா பள்ளிக்கு எடுத்துப் போய்விட்டு வந்து சாவியை மேசையில் வைத்தார். "இனி இந்த வண்டிய நான் எடுக்க மாட்டேங்க" என்றார். சிக்னலில் மூன்று முறை அணைந்திருக்கிறது, பின்னால் பஸ்காரர் ஹாரனை விடவில்லை. பதினைந்து வருடமாக ஓட்டுகிறவர். அதற்குப் பிறகு வால்பாறைக்குப் போனோம். ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் எதிரே லாரி. நின்று, ஏற்றத்தில் பின்னால் எடுத்து வழிவிட வேண்டியிருந்தது. வண்டி குதித்த குதியில் பின் இருக்கையில் இருந்த என் அம்மா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார். கைப்பிடிச் சுவருக்கும் எங்களுக்கும் அதிக இடமில்லை. 330 தாங்குகிற கிளட்ச் போட்டிருந்தேன். அம்மாவை வைத்து ஓட்ட முடிகிற கிளட்ச் என்னிடம் இல்லை.

அடுத்த வருடம் இரண்டாம் கியர் உரச ஆரம்பித்தது. மறுபடி கியர்பாக்ஸ் இறக்கினோம். இந்த முறை புது டூயல் மாஸ் ஃபிளைவீல், ஆர்கானிக் பிளேட், கம்பெனியதைவிட 20 சதவீதம் கூடுதலாக அமுக்கும் பிரஷர் பிளேட். மேப்பையும் 310-க்கு இறக்கினேன். வீட்டம்மா சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அந்த டப்பாச் சத்தத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாரம் ஒருவராவது டூயல் மாஸைக் கழற்றி ஒற்றையாக்கக் கேட்டு வருகிறார். டீசல் என்ஜின் சீராகச் சுற்றுவதில்லை. நாலு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, ஒவ்வொன்றும் ஒரு சுத்தியல் அடி. டூயல் மாஸ் ஃபிளைவீல் என்பது இரண்டு தனித்தனிச் சக்கரங்கள். நடுவே வளைந்த நீண்ட ஸ்பிரிங்குகள் கிரீஸில் ஊறிக் கிடக்கும். அடியை முன் சக்கரம் வாங்கும், ஸ்பிரிங் விழுங்கும், பின் சக்கரம் அமைதியாகச் சுற்றும். ஜெர்மனியின் லூக் நிறுவனம் 1985-இல் இதன் தொடர் உற்பத்தியைத் தொடங்கியது. லூக் கிளட்சுகள் செய்யும் ஆலை ஒன்று நம் ஓசூரிலும் இருக்கிறது. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டால் அடி முழுக்கக் கியர் பற்களுக்குப் போகும். அந்தச் சத்தம் உங்கள் கியர்பாக்ஸ் அடி வாங்கும் சத்தம்.

டூயல் மாஸ் போட்ட வண்டிகளில் பெரும்பாலும் பிளேட்டின் நடுவில் ஸ்பிரிங் இருக்காது, அந்த வேலையை ஃபிளைவீலே பார்ப்பதால். ஒற்றை ஃபிளைவீல் போட்டே ஆகவேண்டும் என்றால், நடுவில் ஸ்பிரிங் உள்ள பிளேட்டைத்தான் போடவேண்டும். ஸ்பிரிங் இல்லாத பிளேட்டை ஒற்றை ஃபிளைவீலோடு சேர்த்து மாட்டிய ஒரு வண்டியைப் பார்த்தபோது, அதைச் செய்தவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. டூயல் மாஸை முகம் பிடிக்கச் சொல்லியும் என்னிடம் கொண்டுவராதீர்கள். அதைக் கையால் திருப்பினால் எவ்வளவு ஆடுகிறது, பக்கவாட்டில் எவ்வளவு அசைகிறது, கிரீஸ் வெளியே கசிந்திருக்கிறதா என்று பார்த்து, தயாரிப்பாளர் சொன்ன அளவைத் தாண்டினால் புதிதாக மாற்ற வேண்டியதுதான்.

செராமிக்குக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. ஃபார்முலா மாருதியை உருவாக்கிய கரிவரதன் பெயரைத் தாங்கி நிற்கும் ரேஸ் டிராக் நம் செட்டிபாளையத்திலேயே இருக்கிறது. அங்கே மட்டும் ஓடும் வண்டிக்கு, டிரெய்லரில் ஏற்றிப் போகும் வண்டிக்கு, அது சரியான கிளட்ச். ரோட்டில் ஓடும் வண்டியைப் பொறுத்தவரை இன்னொன்றையும் கவனியுங்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை போடுகிறது. ரீமேப்பை மறைத்துவிட்டு, விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கேட்டுப் போய் நிற்கும் நிலை உங்களுக்கு வேண்டாம். அதோடு, கிளட்ச் மட்டும் 500 தாங்கினால், அடுத்துத் தாங்க வேண்டியது கியர்பாக்ஸும் டிரைவ் ஷாஃப்டும். கிளட்ச் நழுவுவது எரிச்சல்தான், ஆனால் பல வண்டிகளில் அது கியர்பாக்ஸைக் காப்பாற்றிய ஃபியூஸ்.

கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே ரிலீஸ் பேரிங்கை மாற்றிவிடுங்கள். உள்ளேயே ஸ்லேவ் சிலிண்டர் இருக்கும் வண்டி என்றால் அதையும். கிராங்கின் பின்பக்க ஆயில் சீலில் ஈரம் தெரிந்தால் அதையும். ஃபிளைவீல் போல்ட்டுகள் பல வண்டிகளில் ஒருமுறை மட்டும் முறுக்கக்கூடியவை, பழையதைத் திரும்பப் போடவிடாதீர்கள். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஸ்ப்லைனில் கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு மட்டும். அப்பினால் அது சுழற்சியில் பிளேட்டுக்குத்தான் போகும். மாட்டியபின் முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே, நிறுத்திக் கிளப்பி, முழு மிதி மிதிக்காமல் ஓட்டுங்கள். அவினாசி ரோடு நெரிசல் இதற்கு மிக நல்ல இடம். அந்த 800 முடியும்வரை ரீமேப்பைப் பழைய கம்பெனி மேப்புக்குத் திருப்பி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

இதையெல்லாம் எழுதும்போது, மூன்று ஃபிளைவீலில் வெடிப்பு விட்டிருந்த அந்த ஒன்றுதான் கண்ணில் நிற்கிறது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசுப் பையனின் வண்டி. முதல் வேலை, முதல் கார். வெடித்த ஃபிளைவீலை என்னால் திருத்த முடியாது. அதைக் கடைந்து திருப்பிக் கொடுத்தால், அது நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றுவது அவன் கால்களுக்கு அருகில். ஸ்கிராப்புக்குத்தான் போடவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அவன் வந்திருந்தால் நேரில் சொல்லியிருப்பேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கியர்பாக்ஸ் இறக்கும் நாளில் நீங்கள் ஷெட்டில் இருங்கள். பழைய பிளேட்டை மெக்கானிக் மூலையில் வீசுமுன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு முகமும் ஒரே சீராகத் தேய்ந்து ரிவெட் தெரிந்தால், அது வயசானது, கம்பெனி செட்டே போதும். பொருள் தடிமனாக இருந்தும் கறுத்து, கண்ணாடி போல் பளபளத்து, கருகல் நாற்றம் வீசினால், டார்க் தாங்காமல் நழுவியிருக்கிறது. நடுவிலிருந்து வெளியே ஈரம் தெரிந்தால் ஆயில் சீல்தான் குற்றவாளி, எந்த ஸ்டேஜ் போட்டாலும் அடுத்த மாதம் அதே கதைதான். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பிளேட் ஸ்ப்லைனில் சிக்கியிருக்கலாம், ஃபிளைவீல் முகமும் பார்க்கவேண்டும்.

பார்த்தும் புரியவில்லையென்றால் என்னிடம் கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிவரை பட்டறை திறந்திருக்கும், பார்த்துச் சொல்வதற்குக் காசு கிடையாது. புது செட் ஆர்டர் போடுமுன் வாருங்கள். பிளேட்டைத் துடைக்காமல் அப்படியே கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
கணபதி லேத் பட்டறை அண்ணன்,
கோயம்புத்தூர்